‘அம்மா’ எத்தனை எழுத்து?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தமிழாசிரியை. எங்கள் பள்ளிச் சுவரிதழில் வாரம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போடுவது என் வேலை. திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முன்னால் கூடிவிடுவார்கள். புதிர் போடுகிறவர்களுக்குத் தெரியும், குறிப்பு எழுதுவது பெரிய பாடில்லை, சொல் தேடுவதுதான் பாடு. ஐந்து கட்டம், அதில் மூன்றாவது கட்டத்தில் ‘டி’ வர வேண்டும். அப்படி ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்க நான் பிடித்துக்கொண்ட நிரல்மொழியின் பெயர் ஆக். ஆங்கிலத்தில் ஏ, டபிள்யூ, கே என்று மூன்றே எழுத்து. பைத்தான், ஜாவா என்றால் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆக் என்றால் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் லினக்ஸ் போட்ட கணினியிலும் ஆப்பிள் மேக்கிலும் அநேகமாக அது ஏற்கெனவே இருக்கும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் என்ற திரையைத் திறந்து பெயரைத் தட்டினால் போதும்.

1977-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், பெல் ஆய்வகத்தில் பிறந்த மொழி இது. ஆல்ஃபிரட் ஆஹோ, பீட்டர் வெயின்பெர்கர், பிரையன் கெர்னிகன் என்ற மூவர் சேர்ந்து எழுதினார்கள். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் மொழியின் பெயர். கெர்னிகனைச் சி மொழி படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து அந்த மொழிக்குப் பாடநூல் எழுதியவர் அவர்.

ஆக் வேலை செய்யும் விதத்தை வகுப்பில் இப்படிச் சொல்வேன். ஒரு கோப்பை அதனிடம் கொடுத்தால் அது வரிவரியாகப் படிக்கும். ஒவ்வொரு வரியையும் இடைவெளி பார்த்துத் துண்டு போடும். முதல் துண்டுக்கு டாலர் ஒன்று என்று பெயர், மூன்றாவது துண்டுக்கு டாலர் மூன்று. மொத்தம் எத்தனை துண்டு என்பதை என்.எஃப். என்ற பெயரில் வைத்திருக்கும். நாம் சொல்ல வேண்டியது இரண்டுதான்: எப்படிப்பட்ட வரி வேண்டும், அது கிடைத்தால் என்ன செய்ய வேண்டும். கோப்பைத் திற, மூடு, சுற்றிச் சுற்றி வா என்றெல்லாம் எழுத வேண்டியதே இல்லை. அதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு முதலில் உதவியது சுற்றுலாக் கணக்கில்தான். பிள்ளைகள் பெயர், வகுப்பு, கட்டிய தொகை என்று வரிக்கு மூன்று துண்டு. மூன்றாவது துண்டைக் கூட்டிக்கொண்டே வா, கடைசியில் அச்சிடு என்று ஒரே வரி எழுதினேன். விடை உடனே வந்தது, ஆனால் கையிலிருந்த பணத்தைவிட மிகக் குறைவாக வந்தது. காரணம் ஒரு காற்புள்ளி. சில வரிகளில் 1250 என்றும் சில வரிகளில் 1,250 என்றும் அடித்திருந்தேன். ஆக் ஒரு துண்டை எண்ணாகப் படிக்கும்போது, எண் அல்லாத குறி வந்த இடத்தில் நின்றுவிடும். ஆக, 1,250 ரூபாய் அதன் கணக்கில் ஒரு ரூபாய். பிழை என்று ஒரு சத்தமும் போடாது. கூட்டுவதற்கு முன் காற்புள்ளியை நீக்கு என்று இன்னொரு சொல் சேர்த்ததும் கணக்கு நேரானது. அன்றிலிருந்து எந்தக் கூட்டலையும் இரண்டு மூன்று வரிகளைக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்புகிறேன்.

சரி, புதிருக்கு வருகிறேன். பாடநூல்களிலிருந்து சொற்களைத் திரட்டி, வரிக்கு ஒரு சொல்லாக ஒரு கோப்பு செய்தேன். ஒரே சொல் பல பாடங்களில் வருமே, அதைக் களைய வேண்டும். ஆக்கில் ஒரு பட்டியலுக்குள் அறைகளை எண்ணால்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை, சொல்லையே அறையின் பெயராக வைக்கலாம். ‘யானை’ என்ற அறையில் ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் தள்ளிவிடு, விழாவிட்டால் அச்சிட்டுப் புள்ளி வை. இதற்கும் ஒரு வரிதான், அதில் பதினைந்து எழுத்துகூடத் தேறாது.

அப்புறம் எழுத்தெண்ணிக்கை. ஆக்கில் ‘லெங்த்’ என்று ஒன்று உண்டு, சொல்லின் நீளம் சொல்லும். ‘தமிழ்’ எவ்வளவு நீளம் என்று கேட்டேன். பள்ளிக் கணினி 15 என்றது. வீட்டுக் கணினி 5 என்றது. த, மி, ழ் என்று எண்ணினால் மூன்றுதானே! ‘அம்மா’வுக்கும் அதே 15, அதே 5.

இரண்டு கணினியும் பொய் சொல்லவில்லை. ஆக் பிறந்த நாளில் ஓர் எழுத்து என்றால் ஒரு பைட், அதாவது கணினி சேமிக்கும் ஒரு சிறு அலகு, அவ்வளவுதான். இன்று நாம் தமிழை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில், யு.டி.எஃப். 8 என்ற முறையில் சேமிக்கிறோம். அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘மி’ என்பதை ‘ம’ தனியாக, இகரக் குறி தனியாக என்று இரண்டு குறிகளாக வைக்கிறது. ‘ழ்’ என்பது ‘ழ’ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக மொத்தம் ஐந்து குறி, பதினைந்து பைட். பள்ளிக் கணினியில் இருந்த ஆக் பைட்டை எண்ணியது, வீட்டில் இருந்தது குறியை எண்ணியது. தொல்காப்பியர் வழியில் எழுத்தை எண்ண இரண்டுக்கும் தெரியவில்லை.

சொல்லிக்கொடுத்தேன். ஆகாரம் முதல் ஔகாரம் வரை உயிர்க்குறிகள் பதினொன்று, புள்ளியோடு பன்னிரண்டு. அவற்றைச் சொல்லிலிருந்து நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணு என்றேன். ‘தமிழ்’ த, ம, ழ என்று நின்றது. மூன்று! ‘பட்டாம்பூச்சி’ ஏழு. ‘எஃகு’ மூன்று. ஆய்தம் தனிக்குறி என்பதால் அது நீங்காமல் தன் கணக்கோடு நின்றது. மெய்யையும் உயிர்மெய்யையும் ஒவ்வொன்றாக எண்ணும் நம் இலக்கண முறை இரண்டே வரியில் அடங்கியதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே சொல்லி முடியாது.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. பட்டியலில் ‘கௌரவம்’ இரண்டு முறை வந்தது, ஒன்று நான்கெழுத்து என்றும் மற்றது ஐந்தெழுத்து என்றும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உற்றுப் பார்த்தால், ஒன்றில் ஔகாரக் குறி போடுவதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்திருக்கிறார்கள். தட்டச்சில் நாம் எல்லோரும் செய்கிற பிழை இது. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் இப்படி ஒரு சலிப்பு சலித்தால் எவ்வளவு பிழை தேறும்!

எண்ணிக்கை சரி, மூன்றாவது கட்டத்தில் ‘டி’ வேண்டுமே? குறியை நீக்கிவிட்டால் ‘டி’யும் போய் ‘ட’ ஆகிவிடும். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக்கின் இயல்பையே பயன்படுத்தலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அது இடைவெளி பார்த்துத் துண்டு போடுகிற மொழி. அப்படியென்றால், யூனிகோடு வரிசையில் ஆய்தம் முதல் ஹகரம் வரை உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஓர் இடைவெளியை நாமே நுழைத்துவிட்டால்? உயிர்க்குறிகளும் புள்ளியும் அந்த வரம்புக்குள் வராது, அதனால் அவை தம் எழுத்தோடு ஒட்டியே இருக்கும். சொல் எழுத்தெழுத்தாகப் பிரிந்து நிற்கும். ஆக் உடனே அதைத் துண்டு போட்டுக்கொள்ளும். இப்போது என்.எஃப். என்பது எழுத்தெண்ணிக்கை. டாலர் மூன்று என்பது மூன்றாம் எழுத்து.

இது குறியை எண்ணத் தெரிந்த ஆக்கில்தான் நடக்கும், பைட்டை எண்ணுகிற பழையதில் நடக்காது. கட்டற்ற மென்பொருள் செய்யும் குனு அமைப்பின் ஆக்குக்கு வெகுகாலமாகவே இது தெரியும். மூவரும் எழுதிய மூல ஆக்குக்கு 2022 வரை தெரியாது. அந்த ஆண்டில் யூனிகோடைப் படிக்க அதற்குக் கற்றுக்கொடுத்தவர் அதே கெர்னிகன்தான், தம் எண்பதாம் வயதில். யு.டி.எஃப். 8 முறையே 1992-இல் அந்தப் பெல் ஆய்வகத்துக்காரர்களான கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்துத் தம் பழைய நிரலைத் திறந்து திருத்திய அந்தப் பெரியவரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் செய்த திருத்தத்தால் ‘அம்மா’ பைட்டாகச் சிதறாமல் எழுத்தாக நிற்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிரலை ஓட்டினேன். துண்டு ஐந்து, மூன்றாவது ‘டி’. கண் இமைப்பதற்குள் திரையில் வரிசையாக வந்தன: கட்டிடம், கண்டிப்பு, மண்டியிடு… நான் ‘கண்டிப்பு’ எடுத்துக்கொண்டேன். ‘தலைமையாசிரியரிடம் இருப்பது’ என்று குறிப்பு எழுதினேன். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் ஆறாம் வகுப்பு அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டது.