பலகையில் ஏறிய 8.7

நேயர்களுக்கு வணக்கம். ஒலிம்பிக் என்றால் ஓட்டம், ஹாக்கி, பாட்மின்டன் என்றுதான் நம் பேச்சு போகும். இன்று நான் பேச வந்திருப்பது, இசைக்கேற்ப நீரில் நடனம்போல அசையும் ஒத்திசைவு நீச்சலில் உலக சாம்பியனாக இருந்த ஒருவரைப் பற்றி. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துப் பெண், சில்வி ஃபிரெஷெட்.

இந்த விளையாட்டை டிவியில் பார்த்தவர்களுக்கு ஜிகினா உடையும் சிரிப்பும்தான் நினைவில் நிற்கும். நீருக்குள் நடப்பது கடும் உழைப்பு. மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு தலைகீழாக நின்று, உள்ளங்கைகளை விடாமல் அசைக்கிறார்கள். அந்த உந்துதலில்தான் கால்கள் நீருக்கு மேலே ஆடாமல் நிற்கின்றன. குளத்தின் தரையில் ஊன்றக் கூடாது. மூச்சடக்கியிருக்கும்போதும் தாளம் தப்பக் கூடாது. அதற்காக நீருக்கடியிலும் ஒலிபெருக்கி வைப்பார்கள்.

தனிநபர் பிரிவுதான் சில்வியின் பலம். 1990இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம், 1991இல் பெர்த் நகரில் உலகப் பட்டம். அடுத்து 1992 பார்சிலோனா ஒலிம்பிக். அதற்குச் சில நாட்கள் முன்பு, அவரை மணக்கவிருந்தவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துக்கத்தோடுதான் சில்வி போட்டிக்குப் போனார்.

அப்போதெல்லாம் ‘ஃபிகர்ஸ்’ என்று ஒரு சுற்று உண்டு. இசை கிடையாது, அலங்காரம் கிடையாது. கறுப்பு நீச்சலுடை, வெள்ளைத் தொப்பி. ஒவ்வொருவராக வந்து, விதித்த அசைவுகளை நடுவர்கள் முன் செய்து காட்ட வேண்டும். அதில் பிரேசில் நடுவர் ஒருவர் 9.7 கொடுக்க நினைத்து, விசையை மாற்றி அழுத்திவிட்டார். 8.7 என்று பதிவாகிவிட்டது. உடனே திருத்தப் பார்த்தார், முடியவில்லை. தலைமை நடுவர் காதுக்கு விஷயம் போவதற்குள் மதிப்பெண் பலகையில் ஏறிவிட்டது. ஏறியதை மாற்றக் கூடாது என்பது விதி. கனடா முறையிட்டது, எடுபடவில்லை.

அப்புறம் இசைச் சுற்று. சில்விக்கு 99.160, அமெரிக்காவின் கிறிஸ்டன் பாப்-ஸ்ப்ரேக்குக்கு 99.040. ஆனால் இரண்டு சுற்றையும் கூட்டினால் கிறிஸ்டன் 191.848, சில்வி 191.717. வெறும் 0.131 புள்ளியில் தங்கம் போனது.

கை தவறுவது யாருக்கும் நேரும். அந்த நடுவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தவறு என்று போட்ட நடுவரே சொல்லும்போதும் அதைத் திருத்த வழி வைக்காத விதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இருந்த கனடாக்காரர் ரிச்சர்ட் பவுண்ட், சில்விக்கு நியாயம் வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். ஒருவழியாக 1993 டிசம்பரில், மாண்ட்ரியலின் ஐஸ் ஹாக்கி அரங்கில், சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் சில்வியின் கழுத்தில் தங்கம் ஏறியது. கிறிஸ்டனின் தங்கத்தையும் பறிக்கவில்லை. அது ரொம்பச் சரி, அவர் செய்த பிழை எதுவும் இல்லையே!

சில்வியை எனக்கு அதிகம் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். 1996 அட்லாண்டாவில் தனிநபர் பிரிவையே எடுத்துவிட்டார்கள், குழுப் போட்டி மட்டும்தான். ஓய்வு பெற்றிருந்த சில்வி, 29 வயதில் கனடா அணிக்குத் திரும்பி வந்தார். தனியாக நீந்தும்போது ஒரு அசைவைக் கொஞ்சம் நீட்டலாம், குறைக்கலாம். குழுவில் அதற்கு இடமில்லை. கால் உயரும் கோணம்கூட மற்றவர்களோடு பொருந்த வேண்டும். உலகப் பட்டம் வென்ற ஒருவர், தன் பாணியை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி பழகினார். அமெரிக்கா தங்கம் எடுத்தது, கனடாவுக்கு வெள்ளி. ஃபிகர்ஸ் சுற்று அதற்குள் ஒலிம்பிக்கை விட்டே போயிருந்தது.