பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள்

[திரையில்: பழைய கடிதம் ஒன்று. கட்சிக்காரரின் பெயர் அழிந்து, அங்கே வேறு பெயர் தட்டச்சாகிறது.]

வணக்கம். சொலிசிட்டர், அதாவது இங்கிலாந்தில் கட்சிக்காரரை நேரடியாகச் சந்தித்து வழக்கை நடத்தும் வழக்கறிஞர், அவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். போன வருடத்துக் கடிதத்தைத் திறப்பது, பெயரையும் தேதியையும் மாற்றுவது, அனுப்பிவிடுவது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சட்டம் நகர்ந்திருக்கும் வேகத்தில், அந்தப் பழைய கடிதம் எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

எந்தத் துறையில் இருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன்.

[திரையில்: 2025 ஜூன் 6, லண்டன் உயர் நீதிமன்றம்]

டேம் விக்டோரியா ஷார்ப், நீதிபதி ஜான்சன் ஆகியோரின் அமர்வு அன்று இரண்டு வழக்குகளுக்குச் சேர்த்துத் தீர்ப்பளித்தது. ஒன்று, ஹாரிங்கே நகராட்சிக்கு எதிராக வீடற்ற ஒருவர் தொடுத்தது. அதில் காட்டிய ஐந்து முன்தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. மற்றொன்று, கத்தார் தேசிய வங்கியிடம் சுமார் 9 கோடி பவுண்டு இழப்பீடு கேட்டது. அதில் 45 மேற்கோள்கள். அவற்றில் 18 வெறும் கற்பனை. கற்பனைத் தீர்ப்புகளில் ஒன்று எந்த நீதிபதி முன் வைக்கப்பட்டதோ, அவரே எழுதியதாகக் காட்டப்பட்டிருந்தது. தான் எழுதாத தீர்ப்பைத் தன் பெயரிலேயே படிக்க நேர்ந்தவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டாம் வழக்கில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டுத் தேடியவர் வழக்கறிஞர்கூட இல்லை, கட்சிக்காரர். அவர் கொடுத்ததைச் சொலிசிட்டர் சரிபார்க்காமல் தாக்கல் செய்துவிட்டார். வழக்கமாகக் கட்சிக்காரர்தான் வக்கீலை நம்புவார். இங்கே எல்லாம் தலைகீழ். விவகாரம் சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனது. பொய்யான முன்தீர்ப்பைத் தாக்கல் செய்வது நீதிமன்ற அவமதிப்பாகலாம், தெரிந்தே செய்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றமாகவும் ஆகலாம் என்று அமர்வு எச்சரித்தது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகத் தேடலாம். ஐந்து நிமிட வேலை. 'நேரமில்லை' என்ற சமாதானத்தை இனி எந்த நீதிபதியும் ஏற்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

[திரையில்: ஒரு வீடு, வாசலில் சாவிக்கொத்து]

அடுத்தது வாடகை வீடு. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள தமிழ்ச் சொலிசிட்டர்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். 1988-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் கீழ், காரணமே சொல்லாமல் இரண்டு மாத அறிவிப்பில் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல முடிந்தது. 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்த வழியை இங்கிலாந்தில் அடைத்துவிட்டது. 2026 மே 1 முதல் காரணம் சொல்லியாக வேண்டும். வீட்டை விற்கப் போகிறீர்களா? நான்கு மாத அறிவிப்பு வேண்டும், அதுவும் குடிவந்த முதல் ஓராண்டுக்குள் வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கியா? கட்டாய வெளியேற்றத்துக்கு முன்பு இரண்டு மாத பாக்கி போதும், இப்போது மூன்று மாதம். மே 1-க்கு முன்பே பழைய பிரிவில் அறிவிப்பு கொடுத்தவர்களுக்கும் ஒரு கெடு உண்டு: ஜூலை 31-க்குள் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் அந்த அறிவிப்பு வெறும் தாள்தான்.

வேல்ஸுக்கு வாடகைச் சட்டம் தனி. எல்லையைத் தாண்டியதும் இந்தக் கடிதங்கள் எதுவுமே பொருந்தாது.

[திரையில்: சுவரோரம் மண்டிக் கிடக்கும் களைச்செடி]

ஒரு களைச்செடி சிவில் வழக்கு நடைமுறையையே மாற்றிய கதையும் இருக்கிறது. வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் நகராட்சி நிலத்திலிருந்து ஜப்பானிய நாட்வீட் செடி பக்கத்து வீட்டுக்குள் பரவியது. வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தேவைப்பட்டால் சமரசப் பேச்சுக்குப் போகும்படி கட்சிகளுக்கு உத்தரவிடலாம் என்று தெளிவாக்கியது. இருபது ஆண்டுகளாக 'கட்டாயப்படுத்த முடியாது' என்றே பலரும் நம்பிவந்தார்கள். 2024 அக்டோபரில் நடைமுறை விதிகளும் அதற்கேற்ப மாறின. ஆக, 'எங்கள் கட்சிக்காரருக்குச் சமரசத்தில் ஆர்வமில்லை' என்ற அந்த ஒற்றை வரிப் பதிலை எடுத்துவிடுங்கள். வழக்குச் செலவை யார் கட்டுவது என்று முடிவாகும் நாளில் அது உங்களையே திருப்பி அடிக்கும்.

[திரையில்: இரண்டு மோதிரங்கள்]

குடும்பச் சட்டத்தில் பேச வேண்டியது ஸ்டாண்டிஷ் தம்பதியின் விவாகரத்து வழக்கு. 2017-இல் கணவர் வரிச் சேமிப்புக்காகச் சுமார் 7.8 கோடி பவுண்டு சொத்தை மனைவி பெயருக்கு மாற்றினார். பிள்ளைகளுக்காக அறக்கட்டளை அமைப்பதே திட்டம். அறக்கட்டளை அமையவில்லை, மணவாழ்க்கை முறிந்தது. உயர் நீதிமன்றம் மனைவிக்கு 4.5 கோடி பவுண்டு கொடுத்தது, மேல்முறையீட்டில் அது 2.5 கோடியாகச் சுருங்கியது. 2025 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை உறுதிசெய்தது. பங்கு என்று கேட்டால் மணவாழ்க்கைச் சொத்தில், அதாவது மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தில்தான் கேட்கலாம். வெளியிலிருந்து வந்த சொத்து அப்படி ஆக வேண்டுமென்றால், இருவரும் அதைக் காலப்போக்கில் பொதுவாக நடத்தியிருக்க வேண்டும். பெயர் மாற்றியது மட்டும் போதாது. தேவை என்ற அடிப்படையில் கேட்பது வேறு விஷயம், அதற்கு வழி திறந்தே இருக்கிறது. பத்திரத்தோடு நிற்காமல், அந்தக் காலத்தில் வரி ஆலோசகர் எழுதிய கடிதங்களையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள்.

வேலைச் சட்டம் ஒரே மூச்சில்: பாலியல் தொல்லையைத் தடுக்க முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கும் கடமை முதலாளிகளுக்கு 2024 அக்டோபர் 26 முதல் உண்டு. அநியாயப் பணிநீக்கத்துக்கு எதிராக வழக்குப் போட இரண்டு ஆண்டு பணி தேவைப்பட்டது, 2027 ஜனவரி முதல் ஆறு மாதம் போதும்.

[திரையில்: உயில் ஒன்றும் கைப்பேசியும்]

கடைசியாக, 2025 டிசம்பரில் வந்த டிஜிட்டல் சொத்துச் சட்டம். ஒரு பக்கம்கூடத் தேறாத சட்டம். கையில் பிடிக்கும் பொருள், வழக்குப் போட்டு நிலைநாட்டும் உரிமை என்ற பழைய இரண்டு சொத்து வகைகளிலும் அடங்கவில்லை என்பதற்காக மட்டும் ஒன்று சொத்தாகாமல் போய்விடாது என்கிறது. உயில் எழுத வருபவரிடம் கொடுக்கும் கேள்வித்தாளில் கிரிப்டோ நாணயம் உண்டா, அதைத் திறக்கும் ரகசியச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். சாவியை மட்டும் உயிலுக்குள் எழுதிவிடாதீர்கள். புரொபேட் ஆன, அதாவது இறப்புக்குப் பின் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட, உயில் பொது ஆவணம், கட்டணம் கட்டினால் யாரும் நகல் வாங்கலாம்.