வடகடல் கொண்டுவந்த தொழில்கள்: ஹல் நகரமும் அதன் குடும்பங்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டெட்டாலைத் தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கிறதே, ஏன்? அதிலுள்ள குளோரோசைலினால் என்ற கிருமிகொல்லியும் பைன் எண்ணெயும் தண்ணீரில் கரையாதவை. புட்டிக்குள் ஆல்கஹாலும் சோப்பும் அவற்றைக் கரைத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் சேர்ந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. 1930களில், பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், இந்த மருந்தை உருவாக்கியது ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனம். பித்தளை விளக்கும் பிராஸோவும், வேட்டிக்குப் போடும் ராபின் நீலமும் அதே குடும்பத்தின் சரக்கு.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் கழிமுகத்தில் ஹல் ஆறு வந்து சேரும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வில்லியம் வில்பர்ஃபோர்ஸில் தொடங்கி அவரோடேயே முடித்துவிடுகிறார்கள். 1759இல் இவ்வூர் ஹை ஸ்ட்ரீட்டில் பிறந்தவர். அடிமை வணிகத்தை 1807இல் சட்டத்தால் நிறுத்தவைத்தவர். அவருடைய பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் குடும்பத்துக் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டனார் வடகடலுக்கு அப்பாலுள்ள பால்டிக் கடல் நாடுகளோடு வணிகம் செய்து பொருள் சேர்த்தவர். பிரிஸ்டலும் லிவர்பூலும் அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கும் துறைமுகங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிப்போன கப்பல்களில் அவ்வூர்ச் செல்வர்களின் முதல் இருந்தது. ஹல் பார்த்து நிற்பது வடகடலை. அங்கிருந்து வந்தவை மரம், இரும்பு, தார், சணல், தானியம். 1780இல், 21 வயதில், சுமார் 8,000 பவுன் செலவழித்து ஹல் தொகுதியில் வென்ற அந்த இளைஞர் பின்னால் அடிமை வணிகத்தை எதிர்த்தபோது, சொந்த ஊர்க்காரர்களின் பிழைப்பில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரின் வணிகக் குடும்பங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கப்பலில் எது வந்து இறங்கியதோ, அதுவே தொழிலை முடிவு செய்தது.

முதலில் கோதுமை. ஐசக் ரெக்கிட் ஒரு குவேக்கர். ஆடம்பரமும் மதுவும் கூடாது என்னும் சபையைச் சேர்ந்தவர். சகோதரர் தாமஸுடன் சேர்ந்து 1819இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரிலுள்ள போஸ்டன் ஊரில் ஒரு காற்றாலை கட்டினார். அந்த ஆலை இன்றும் நிற்கிறது, தொழில்தான் நிலைக்கவில்லை. 1840இல் ஹல்லுக்கு வந்து, உறவினரிடம் கடன் வாங்கி, டான்சம் லேனில் ஒரு கஞ்சிமாவு ஆலையை எடுத்து நடத்தினார். துணிக்குப் போடும் கஞ்சியை விற்றவருக்கு, அதே வெளுப்புக்காரிகளுக்கு நீலமும் விற்கலாம் என்று தோன்றியது இயல்புதானே?

நீலத்தின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வெள்ளைத் துணி பழுப்பேறும்போது அது நீல ஒளியை விழுங்குகிறது. அதனால் மஞ்சளாகத் தெரிகிறது. துளி நீலம் ஏற்றினால் மஞ்சளும் சமனாகி, கண்ணுக்கு வெண்மை. முன்பு சிலர் பிரஷ்ய நீலத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் இரும்பு உண்டு. சோப்பின் காரம் துணியில் தங்கிவிட்டால் அந்த நீலம் சிதைந்து துருக்கறையாக விழும். அல்ட்ராமரைன் நீலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. லாபிஸ் லசூலி கல்லை அரைத்துத்தான் ஒருகாலத்தில் அதை எடுத்தார்கள். விலையோ பொன்னுக்கு நிகர். 1828இல் பிரான்சின் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்து பரிசு பெற்ற பிறகுதான் அது வெளுப்பவர் கைக்கு எட்டியது.

செய்முறை இது. வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கொஞ்சம் கரி அல்லது கீல். நான்கையும் நன்றாக அரைத்துக் கலந்து, மூடிய மண்பாண்டங்களில் அடைத்து, காற்றுப் படாமல் ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். பிறகு மெல்ல ஆறவிட்டு, அளவாகக் காற்றை உள்ளே விட வேண்டும். எல்லாத் தவறும் நேர்வது இந்தக் காற்றில்தான். முன்கூட்டியே கசிந்தால் கந்தகம் எரிந்துபோய் நிறம் வெளிறும். போதிய காற்று சேராவிட்டால் பச்சையிலேயே நின்றுவிடும். வெந்ததை அரைத்து, உப்புப் போகக் கழுவி, நீரில் தெளியவைத்துப் பொடியின் பருமன்வாரியாகப் பிரிப்பார்கள். முதலில் வெளியில் வாங்கிய இந்த நீலத்தை ரெக்கிட் குடும்பம் பிறகு ஹல்லிலேயே சுடத் தொடங்கியது.

இன்றைய சொட்டு நீலம் கரையும் சாயம். கட்டி நீலம் அப்படியல்ல. அது கரையாத தூள். கலக்கினால் நீரில் பரவி நிற்கும், அவ்வளவுதான். ஆகவே துணியில் முடிந்து கலக்க வேண்டும். துணியை அதில் ஊறப்போட்டுவிட்டுப் போனால் திட்டுத்திட்டாகப் படியும். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் நீலமே அழிந்து அழுகிய முட்டை நாற்றம் வரும், கந்தகம் வெளியேறுவதால்.

ஐசக்கின் மகன் ஜேம்ஸ் 1908இல் ஆலைக்கு நடந்துபோகும் தொலைவில் 130 ஏக்கரில் தோட்டக் கிராமம் ஒன்றைத் திறந்தார். சுமார் 600 வீடுகள். ஏக்கருக்குப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. தெருக்களுக்கு மரங்களின் பெயர். தொழிலாளிக்குக் காற்றும் வெளிச்சமும் தர நினைத்த அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

அதே கோதுமையில் இன்னொரு குடும்பம் வேறு வழி போனது. ஜோசப் ராங்க் 1854இல் ஹல்லில் பிறந்தவர். 1875இல் ஒரு சிறு காற்றாலையை வாடகைக்கு எடுத்தார். அக்காலத்தில் கப்பலில் வந்த வெளிநாட்டுக் கோதுமையில் கடினமான ரகங்கள் நிறைய. திரிகைக் கல்லில் அரைத்தால் அதன் தவிடு தூளாகி மாவோடு கலந்து, மாவு புள்ளி விழும். முளைக்கருவும் நசுங்கி, அதன் எண்ணெய் மாவைச் சிக்குவாடை அடிக்க வைக்கும். எஃகு உருளைகள் இதை மாற்றின. வரியிட்ட இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று மணியைப் பிளந்து திறக்கும். சலித்துக் கிடைப்பது ரவை. காற்றடித்துத் தவிட்டை விலக்கி, வழுவழு உருளைகளில் ரவையைப் பொடித்தால் மாவு. முளைக்கரு பொடியாகாமல் தட்டையாகும், சல்லடையில் தங்கிவிடும். 1891இல் ராங்க் கட்டிய கிளாரன்ஸ் ஆலை ஹல் ஆற்றின் கரையிலேயே நின்றது. படகு வந்து ஒட்டி நிற்கும். தானியம் நேரே ஆலைக்குள் ஏறும். வண்டிக்கூலி மிச்சம். 1941 குண்டுவீச்சில் அந்த ஆலை சிதைந்து மீண்டும் எழுந்தது. திரைப்படத் தொழிலில் பேரெடுத்த ஆர்தர் ராங்க் இந்த ஆலைக்காரரின் மகன்.

ஆலை நின்ற இடத்துக்கு அருகில் டிரைபூல் பாலம். வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து கணக்குச் சொன்ன ஜான் வென் 1834இல் பிறந்தது இவ்வூரில். அவர் தந்தை ஹென்றி வென், டிரைபூல் சபைக்குருவாக இருந்து, பின்னர் வெளிநாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்பிய சர்ச் மிஷன் சங்கத்தின் செயலர் ஆனவர். திருநெல்வேலித் திருச்சபை வரலாறு படித்தவர்களுக்கு அந்தச் சங்கத்தைச் சொல்லத் தேவையில்லை.

இனி மீன். தாமஸ் ஜேம்ஸ் ஸ்மித் 1856இல் ஹல்லில் மருந்துக்கடை திறந்து காட் மீன் ஈரல் எண்ணெய் விற்றார். பழைய முறையில் ஈரலைப் பீப்பாயில் அழுகவிட்டு, மேலே மிதந்ததை எடுப்பார்கள். கறுத்த நிறம், குமட்டும் நாற்றம். புதிய ஈரலை உடனே நீராவியில் உருக்கினால் எண்ணெய் வெளிறி, குடிக்கும்படி இருக்கும். ஸ்மித் நார்வே எண்ணெயைத் தேடிப் போனது இதற்காகத்தான். 1896இல் உடன்பிறந்தவரின் மகன் ஹொரேஷியோ நெல்சன் ஸ்மித் கூட்டாளியானார். ஸ்மித் அண்ட் நெஃப்யூ என்ற பெயர் அப்படி வந்தது. ஹொரேஷியோ காயத்துக்குப் போடும் கட்டுத்துணிப் பக்கம் திரும்பினார். 1914இல் போர் மூண்டதும் பிரெஞ்சு அரசிடமிருந்து ஐந்து மாதத்தில் 3,50,000 பவுனுக்குக் கட்டுத்துணி கேட்டு ஆர்டர் வந்தது. ஐம்பது பேர் வேலைசெய்த நிறுவனம் போர் முடிவதற்குள் 1,200 பேராக வளர்ந்தது.

மீன் வணிகர் வீட்டுப் பெண்தான் ஏமி ஜான்சன். 1930 மே 5 அன்று குரோய்டனிலிருந்து தனியாகக் கிளம்பி, கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாக, மே 24இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். ஜிப்ஸி மாத் ரக விமானம், விலை சுமார் 600 பவுன், பழையது. பணத்தில் பாதி தந்தை கொடுத்தது. மீதி எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபு கொடுத்தது. விமானத்துக்கு ஏமி வைத்த பெயர் ஜேசன். கிரேக்கக் கதை வீரன் பெயர் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது அவர் தந்தையின் மீன் வணிகச் சின்னம். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்த விமானம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது.

நன்றி.