தள்ளிப்போடும் ஒரு வினை

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'புட்' என்ற சொல்லையும் 'ஆஃப்' என்ற சொல்லையும் அறியாதவர் நம்மில் அநேகமாக இல்லை. ஆனால் அவை இரண்டும் சேர்ந்து 'புட் ஆஃப்' என்று வரும்போது பலர் தடுமாறுகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1755ஆம் ஆண்டில் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு இப்படிச் சிறு சொல் ஒட்டிக்கொள்வதுதான் அயலாருக்குப் பெரும் இடர் தருவது என்று எழுதிவிட்டார்.

வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. 'தி இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் ஃபிரைடே' என்றது ஒரு குரல். நான் அதுவரை அறிந்திருந்த 'புட் ஆஃப்' ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் இரவுதோறும் விளக்கை அணைக்கச் சொல்லும்போது கேட்பது. ஆகவே நேர்காணலையும் அணைத்துவிட்டார்கள், கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். 'டில் ஃபிரைடே' என்பது காதில் விழாமல் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் எதை அணைத்து வைப்பார்கள் என்று விளங்காததால், கேட்கக் கூச்சப்பட்டு, நன்றி கூறித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அதே குரல் மறுபடியும் அழைத்து, வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டது. நேர்காணல் நின்றுபோகவில்லை, வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போடப்பட்டிருந்தது! இங்கே 'டில்' குறிப்பது புதிய நாளை. நின்றேபோயிருந்தால் 'கால்ட் ஆஃப்' என்று சொல்லியிருப்பார்கள்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விட்டதில்லை. 'தள்ளிப்போடு' என்னும் நம் வினையைச் சற்று நின்று பாருங்கள்: 'போடு' என்பது 'புட்', 'தள்ளி' என்பது 'ஆஃப்'. 'போஸ்ட்போன்' என்னும் கனமான சொல்லும் இலத்தீனில் 'பின்னே வை' என்பதுதான். மூன்று மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே படம்.

படம் ஒன்றானாலும் நடை வேறு. 'அதைத் தள்ளிப்போட்டேன்' என்போம். 'தள்ளி அதைப் போட்டேன்' என்றால், ஏதோ ஒரு பொருளை எட்டத்தில் போட்டதாக ஆகிவிடும். நாம் பிரிக்காத இடத்தில் ஆங்கிலம் பிரிக்கிறது. 'ஐ புட் ஆஃப் தி ட்ரிப்' என்றும் சொல்லலாம், 'ஐ புட் தி ட்ரிப் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் பயணத்தின் பெயருக்குப் பதிலாக 'இட்' வந்துவிட்டால் அதற்கு நடுவிடம் மட்டுமே உண்டு: 'ஐ புட் இட் ஆஃப்.' மறுபடியும் சொல்கிறேன், 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' அன்று. பிரிக்காத பழக்கம் நம் நாவில் ஊறியிருப்பதால்தான் அந்தப் பிழை நமக்கு அவ்வளவு எளிதாக வருகிறது என்பது என் கணிப்பு. இறந்தகாலத்திலும் 'புட்' என்பது 'புட்'டாகவே நிற்பது நமக்குக் கிடைத்த சிறு சலுகை.

நடுவில் ஓர் ஆள் வந்து அமர்ந்தால் பொருள் பெரும்பாலும் மாறிவிடும். உண்ண அமர்ந்தவர் 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால், அந்த வாடையே உண்ணும் விருப்பத்தைக் கெடுத்துவிட்டது என்பது பொருள். அவரை யாரும் வேறு நாளுக்குத் தள்ளிப்போடவில்லை. எழுதிக்கொண்டிருப்பவர் 'டோன்ட் புட் மீ ஆஃப்' என்று சிடுசிடுத்தால், கவனத்தைக் கலைக்காதே என்கிறார். விளக்கை அணைப்பதற்கோ இன்றைய பொது வழக்கு 'ஸ்விட்ச் ஆஃப்' அல்லது 'டர்ன் ஆஃப்'. நான் கேட்டு வளர்ந்த 'புட் ஆஃப்' பல இடங்களில் விளங்காமலே போகக்கூடும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சுருக்கிவிடுகிறேன்: தள்ளிப்போடப்படுவது ஒரு செயலானால், அந்தச் செயலைக் குறிக்கும் வினை 'இங்' ஈறு பெற்று வரும். மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறவர் 'ஐ கீப் புட்டிங் ஆஃப் கோயிங் டு தி டாக்டர்' என்பார். அங்கே 'டு கோ' வராது. வணக்கம்.