எடுத்துக் கொடுப்பவர்

நேயர்களுக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு மாதத்தில் இரவு நேரம் மதுரை காஜிமார் தெருப் பக்கம் நடந்து போனவர்களுக்குத் தெரியும், பெரிய பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுகிற சத்தம் தெரு வரைக்கும் வரும். தராவீஹ் தொழுகை. இமாம் கையில் எதுவும் இருக்காது. அன்றன்றைக்கு உரிய பகுதியை மனப்பாடமாக ஓதி, மாதம் முடிவதற்குள் குர்ஆனின் முப்பது ஜுஸ்வையும், அதாவது முப்பது பாகத்தையும், முடித்துவிடுவார். 114 சூரா, அதாவது அத்தியாயம், ஆறாயிரத்துச் சொச்சம் வசனங்கள். பார்க்கிறவர்கள் இமாமைத்தான் வியப்பார்கள். எனக்கு எப்போதும் கண் போவது அவருக்கு நேர் பின்னால் நிற்கிறவர் மேல்.

அவரும் ஹாபிழ்தான், அதாவது குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். கேட்டுக்கொண்டே நிற்பதுதான் அங்கே அவருக்கு வேலை. இமாம் ஒரு சொல்லில் தடுக்கிவிட்டால், தொழுகைக்குள்ளேயே வாய்விட்டு எடுத்துக் கொடுப்பார். இமாம் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வந்து, சரியாக ஓதிவிட்டுத்தான் மேலே போவார். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பையன் எழுபதை நெருங்கிய இமாமுக்கு எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். தொழுகை முடிந்ததும் இமாம் அந்தப் பையனின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நான் தமிழ் வாத்தியார். குர்ஆன் மாறாமல் வந்தது எப்படி என்று வகுப்பில் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். 'மனப்பாடம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மனப்பாடத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். இளவயதில் நெட்டுருப் போட்ட பாடல்களை இன்றைக்குச் சொன்னால், பாதிச் சொல் புலவருடையது, மீதி என் சொந்தச் சரக்கு. நான் தப்பாகச் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்து 'இல்லை' என்று சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் நான் ஓதப் போன இடத்தில் ஒரு ஹஜ்ரத் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு சொல்லை முழுங்கினால், கண்ணைத் திறக்காமலே பிரம்பு பலகையில் 'டொக்' என்று விழும். குர்ஆனில் ஒன்றுபோலவே இருக்கும் வசனங்கள் நிறைய. விலக்கப்பட்ட உணவைப் பற்றிய வசனம் நான்கு இடத்தில் வருகிறது. இரண்டாம் சூராவில் 'உஹில்ல பிஹி லிகைரில்லாஹ்' என்று 'பிஹி' முன்னால் வரும். மற்ற மூன்று இடங்களில் 'உஹில்ல லிகைரில்லாஹி பிஹி' என்று பின்னால் போய்விடும். பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் மாற்றி ஓதினால் பிரம்பு விழும். நியாயமா என்று அப்போது தோன்றியது. பொருள் மாறாத இடத்திலேயே இவ்வளவு காவல் என்றால், மாறுகிற இடத்தில் எப்படி இருக்கும் என்று பின்னால் யோசித்தேன்.

அந்த இடம் உச்சரிப்பு. 'கல்பு' என்று தமிழில் எழுதுகிறோம். அடித் தொண்டையிலிருந்து வரும் 'க'வோடு சொன்னால் அரபியில் இதயம். நாம் சாதாரணமாகச் சொல்லும் 'க'வோடு சொன்னால் நாய். தமிழ் எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான். நம் முன்னோர் அரபு எழுத்தில் புதுப் புள்ளிகள் சேர்த்து அர்வி என்ற அரபுத் தமிழையே உண்டாக்கிப் பார்த்தார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுத அது வழி செய்தது. ஆனால் ஓதுவதை மட்டும் வாயைப் பார்த்து, காதால் கேட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது.

அரபு எழுத்துக்கே ஆரம்பத்தில் இந்தக் கதிதான். பழைய பிரதிகளில் புள்ளி அநேகமாக இருக்காது, உயிர்க்குறியும் கிடையாது. 'பா', 'தா', 'ஸா' மூன்றுக்கும் ஒரே வடிவம். ஏற்கெனவே ஓதத் தெரிந்தவருக்குத்தான் அந்த ஏடு பேசும்.

சரி, ஏடு எப்போது வந்தது? நபிகள் நாயகத்துக்குச் சுமார் 23 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வஹீ, அதாவது இறைச்செய்தி, இறங்கியது. அப்போதே எழுதுகிறவர்கள் இருந்தார்கள், ஆனால் ஒரே நூலாகத் தொகுக்கவில்லை. நபிகள் மறைந்தது 632-இல். அதையடுத்து நடந்த யமாமா போரில் ஓதுகிறவர்கள் பலர் உயிரிழந்தார்கள். நபித்தோழர் உமர் அவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. நபிகளுக்குப் பின் தலைமையேற்ற கலீபா அபூபக்கர் அவர்களிடம், எல்லாவற்றையும் ஒரே நூலாகத் தொகுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பொறுப்பு ஸைத் இப்னு ஸாபித் என்ற இளைஞர் தலையில் விழுந்தது. ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுமையாக இருந்திருக்காது என்றாராம் அவர். தினமும் யானைமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சுமை புரியும். பேரீச்ச மட்டை, கல் பலகை, மனிதர்களின் நெஞ்சு என்று பல இடங்களிலிருந்து அவர் சேகரித்தார்.

உஸ்மான் அவர்கள் கலீபாவாக இருந்தபோது, வெவ்வேறு நாட்டு வீரர்கள் வெவ்வேறு விதமாக ஓதி ஒருவரோடொருவர் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று ஹுதைஃபா என்ற தளபதி வந்து முறையிட்டார். அந்தத் தொகுப்பு அப்போது நபிகளின் மனைவி ஹஃப்ஸா அவர்களிடம் இருந்தது. அதை வாங்கிப் படியெடுத்தார்கள். அந்த வேலையிலும் ஸைத் இருந்தார். படியெடுக்கும்போது அஹ்ஸாப் சூராவில் ஒரு வசனம் காணவில்லை. நபிகள் ஓத ஸைதே காதால் கேட்ட வசனம் அது. 'எனக்குத் தெரியும்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தேடினார்கள். குஸைமா என்ற தோழரிடம் கிடைத்த பிறகுதான் சேர்த்தார்கள். இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் தொட்டது இந்த இடம்தான். தன் காதையே தனக்குச் சாட்சியாக அவர் வைத்துக்கொள்ளவில்லை.

படிகளை ஊர்களுக்கு அனுப்பினார்கள், மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னார்கள். அந்த எரிப்பைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. 1972-இல் யமன் நாட்டு ஸன்ஆ பெரிய பள்ளிவாசலைச் செப்பனிடும்போது கிடைத்த ஏடுகளில் ஒன்றில், அழித்துவிட்டு மேலே எழுதிய தோல் இருந்தது. அழிந்த அடியெழுத்தில் சில சொற்களும் சூராக்களின் வரிசையும் வேறாக இருக்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. தோழர்கள் சிலரிடம் தனி ஏடுகள் இருந்தன என்பதை முஸ்லிம் அறிஞர்களே அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றும் நாம் குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவில் 'மாலிகி' என்று நீட்டி ஓதுகிறோம், மொராக்கோவில் 'மலிகி' என்று குறுக்கி ஓதுகிறார்கள். இரண்டுக்கும் ஆசிரியர் பரம்பரை உண்டு.

பரம்பரை என்றதும் மதுரைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய அகப்பொருள் இலக்கண நூலான இறையனார் களவியலின் உரையில் ஒரு பகுதி இருக்கிறது. நக்கீரனார் தம் மகன் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார், அவர் தேனூர் கிழாருக்கு உரைத்தார் என்று தொடங்கி, செல்லூர் ஆசிரியர் ஒருவரையும் தொட்டு, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரைக்கும் பெயர் பெயராக வரும். முதல் தடவை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் இஸ்னாத்! நபிகளின் சொல், செயல்களைச் சொல்லும் ஹதீஸ் நூல்களில் 'இன்னார் இன்னாரிடம் கேட்டார்' என்று வரும் அறிவிப்பாளர் வரிசையும் இதே நடைதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. தேனூர் கிழாருக்கு ஞாபகசக்தி எப்படி, அவர் கீரங்கொற்றனாரை நேரில் பார்த்தாரா என்று யாரும் விசாரித்துக்கொண்டு கிளம்பியதாகத் தெரியவில்லை. ஹதீஸ்காரர்கள் கிளம்பினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த ஊர், பயணம், ஆசிரியர்கள், முதுமையில் நினைவு தடுமாறியதா என்பதுவரை எழுதி வைத்தார்கள். 870-இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள், ஒருவர் இன்னொருவரைச் சந்தித்தது உறுதியானால்தான் அந்தத் தொடரை ஏற்றுக்கொண்டார். இஸ்னாத் மட்டும் இல்லையென்றால் ஆளாளுக்கு நினைத்ததைச் சொல்லியிருப்பார்கள் என்றார் இப்னுல் முபாரக் என்ற ஹதீஸ் அறிஞர். இப்போது வாட்ஸ்அப்பில் காலையில் வரும் 'ஹதீஸ்'களைப் பார்த்தால் அவர் சொன்னது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

அதே களவியல் உரையில் உருத்திரசன்மன் கதையும் உண்டு. அந்த நூலுக்குச் சங்கத்தார் எழுதிய உரைகளில் எது மெய்யுரை என்று யாராலும் தீர்க்க முடியவில்லை. கடைசியில் ஓர் ஊமைப் பிள்ளையை உட்கார வைத்துப் படித்துக் காட்டினார்கள். நக்கீரர் உரையைக் கேட்டுப் பிள்ளை கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான், அதுவே தீர்ப்பானது. பேசத் தெரிந்த அத்தனை புலவர்களுக்கும் நீதிபதி, கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை.

என் மகள் வயிற்றுப் பேரன், என்னை 'நன்னா' என்று கூப்பிடுகிறவன், குர்ஆனை மனனம் செய்விக்கும் ஹிஃப்ளு மதரஸாவில் ஓதுகிறான். மஃரிப், அதாவது அந்தித் தொழுகைக்கு அப்புறம் போனில் கூப்பிட்டு அன்றைய பாடத்தை ஒப்பிப்பான். நான் குர்ஆன் பிரதியான முஸ்ஹஃபைப் பிரித்து வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொட்டபடியே கேட்பேன். போன வாரம் அவன் முடித்ததும், எனக்கும் ஆசை வந்து, எனக்குப் பிடித்த ஒரு வசனத்தை ஓதிக் காட்டினேன். 'பிகல்பின் ஸலீம்' என்று முடியும் அது, மாசற்ற இதயத்தோடு என்று பொருள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நன்னா, தொண்டையிலேர்ந்து ஓதுங்க. நீங்க இப்ப சொன்னது வேற."