ஓஹியோ ஆற்றங்கரையில் பிறந்த ஆட்டம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

கட்டடம் கட்டும் இடத்தில் கீழே நிற்கும் சித்தாள் செங்கல்லை மேலே வீச, சாரத்தில் நிற்பவர் அதை ஒரு கையால் ஏந்தி அடுக்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வீச்சில் பெரிய வேகம் இருக்காது. கல் மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே திரும்பப் பார்க்கும் அந்த நேரத்தில் சரியாக மேலிருப்பவரின் கை அங்கே காத்திருக்கும். வேகமாக வீசினால் பிடிப்பவரின் விரல் நசுங்கும். தயங்கி வீசினால் கல் வந்த வழியே திரும்பும். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போகும் மனிதர் பதினாறு ஆண்டுகள் செய்தது ஏறத்தாழ இந்த வேலையைத்தான். ஆனால் அவருடைய சாரத்தில் நிற்பவர் ஓடிக்கொண்டே இருப்பார். வீசுகிறவரைத் தரையில் வீழ்த்துவதற்கென்றே மலை போன்ற நான்கு பேர் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்.

அவர் பெயர் கென் ஆண்டர்சன். ஆட்டம், அமெரிக்கக் கால்பந்து. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு. இது பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடப்படுவது. ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று மூன்று நொடிக்குள் செய்து முடிக்க வேண்டியவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஆண்டர்சன் 1971 முதல் 1986 வரை சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற ஒரே அணிக்காக, பதினான்காம் எண் சட்டை அணிந்து, அந்த இடத்தில் ஆடினார். பெங்கால்ஸ் என்றால் வங்கப் புலிகள். ஓஹியோ மாநிலத்து அணிக்கு நம் பக்கத்துப் புலியின் பெயர் இருப்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் விளையாட்டு வீரன் அல்லன். புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எண்களின் வழியாகத்தான் இந்த மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். எண்கள் ஒன்றைச் சொல்கின்றன, மக்களின் நினைவு வேறொன்றைச் சொல்கிறது என்னும்போது அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எனக்குத் தொழிலாகவே இருந்தது. ஆண்டர்சனின் விஷயத்தில் அந்த இடைவெளியைப்போல் அகலமானதை நான் அதிகம் கண்டதில்லை.

இல்லினாய் மாநிலத்தில் பட்டேவியா என்ற சிற்றூரில் வளர்ந்து, அகஸ்டானா என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர் அவர். 1971-ஆம் ஆண்டு அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது முதல் மூன்று இடங்களுக்கும் குவார்ட்டர்பேக்குகளையே அழைத்தார்கள். ஆண்டர்சனின் பெயர் 67-ஆவதாக வந்தது. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. ஆனால் அவரைக் கொண்டுவந்த அணியில், அப்போது பலரும் அறியாத உதவிப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். அவர் பில் வால்ஷ்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் ஆண்டர்சனைப் பற்றிப் பேசுவது வேரைக் காட்டாமல் மரத்தைப் புகழ்வது போலாகும்.

ஆண்டர்சன் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1969-இல், அந்த அணிக்குக் கிரெக் குக் என்ற இளைஞர் வந்தார். அவருடைய கை ஒரு பீரங்கி. மைதானத்தின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு எறிவார். மூன்றாவது ஆட்டத்தில் எதிரணியினர் அவரைத் தரையில் வீழ்த்தியபோது தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. அதன் தீவிரம் அப்போது யாருக்கும் புரியவில்லை. வலியோடே ஆடி அந்தப் பருவத்தை முடித்தார், அதன் பின் பழைய குக்காக அவர் திரும்பவே இல்லை. பீரங்கியை நம்பி வகுத்த திட்டமெல்லாம் வால்ஷின் கையில் பயனற்றுப் போயிற்று. அவசரத்துக்கு அவர்கள் அழைத்துவந்த விர்ஜில் கார்ட்டர் என்பவருக்குத் தொலைவு எறியும் வலிமை கிடையாது. ஆனால் கூர்மையான மூளையும் குறி தவறாத கையும் இருந்தன. இந்தக் கார்ட்டர் ஒரு பேராசிரியருடன் சேர்ந்து, மைதானத்தின் எந்தக் கோட்டில் பந்து இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளிகள் எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு 1971-இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டவர் என்று அறிந்த நாளில், புள்ளியியல் ஆசிரியனான நான் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். இன்று எல்லா அணிகளும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் கணக்கின் முன்னோடி அது. சரி, அது வேறு கதை.

கார்ட்டருக்காக வால்ஷ் என்ன செய்தார்? தொலைவை விட்டுவிட்டார். மைதானத்தின் நீளத்தை நம்பாமல் அகலத்தை நம்பினார். ஐந்து கெஜம், ஏழு கெஜம், பத்து கெஜம் என்று சிறு சிறு வீச்சுகள். ஆனால் ஒவ்வொன்றும் தாளத்தில் விழ வேண்டும். எறிபவர் பின்னோக்கி மூன்று அடி வைத்தால் இந்த ஆள், ஐந்து அடி வைத்தால் அந்த ஆள். கால் ஊன்றியதும் பந்து கையை விட்டுவிட வேண்டும், ஓடுபவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே. அவர் திரும்பும்போது பந்து அங்கே இருக்கும். சித்தாளின் செங்கல் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான்.

கார்ட்டருக்காகத் தைத்த அந்தச் சட்டை ஆண்டர்சனுக்குத்தான் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. வால்ஷ் அவருடைய காலடிகளைத் திருத்தினார், எறியும் முறையைத் திருத்தினார், ஆண்டுக்கணக்கில் திருத்தினார். 1974-இலும் 1975-இலும் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் லீகில் மிகச் சிறந்த எறிவு மதிப்பெண், அதாவது எறிபவரின் திறனை எடைபோடும் எண், ஆண்டர்சனுடையது. 1974 நவம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக அவர் எறிந்த 22 வீச்சுகளில் 20 கைசேர்ந்தன. எந்த ஸ்டீலர்ஸ்? எஃகுத் திரை என்று பெயரெடுத்த தற்காப்புடன், அதே பருவத்தின் முடிவில் சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டியையே வென்ற அணி. அப்படிப்பட்டவர்களுக்கு எதிரே 22-க்கு 20. அப்போது அது ஒரு சாதனையாக இருந்தது.

பின்னாளில் வால்ஷ் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், அங்கே ஜோ மோன்டானா என்ற இளைஞரை வைத்து இதே ஆட்டத்தை ஆடிப் புகழ்பெற்ற பிறகு, இதற்கு மேற்குக் கடற்கரை ஆட்டமுறை என்று பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வரும். பிறந்தது ஓஹியோ ஆற்றங்கரையில். பெயர் பசிபிக் கடற்கரைக்கு. குழந்தையை வளர்த்த ஊரை விட்டுவிட்டு மணமுடித்துப்போன ஊரின் பெயரால் அழைப்பது போன்றது இது. பெயர் தவறியதோடு ஆண்டர்சனின் இடமும் தவறிப்போயிற்று என்பதுதான் இன்றைய உரையில் நான் சொல்ல வந்தது. இன்று தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்தால், எந்த அணியாக இருந்தாலும், அந்தச் சிறு வீச்சுகளைக் காண்பீர்கள். அவற்றைப் பெரிய மைதானத்தில், பெரிய அணிகளுக்கு எதிரே, ஆண்டுக்கணக்கில் செய்து காட்டி, இது விளையாட்டுத்தனமான சோதனை அன்று என்று மெய்ப்பித்தவர் ஆண்டர்சன். மோன்டானா அதைக் கற்றுக்கொள்ளும்போது அது ஏற்கெனவே பதம் பார்த்த கருவி.

1976-இல் வால்ஷ் பெங்கால்ஸை விட்டுப் போனார். அதற்குப் பின் வந்த ஆண்டுகள் ஆண்டர்சனுக்கு நல்லவையாக இல்லை. 1978-இலும் 1979-இலும் அணி பதினாறு ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்றது. 1981 பருவத்தின் முதல் ஆட்டத்தில், சொந்த ஊர் ரசிகர்களின் முன்னிலையில், சியாட்டில் அணியிடம் 21-க்குப் பூஜ்யம் என்று பின்தங்கியபோது பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார். மூன்றாம் நிலை ஆட்டக்காரர் இறங்கி அந்த ஆட்டத்தை வென்றும் கொடுத்தார். முப்பத்திரண்டு வயதில் ஒருவருடைய தொழில் வாழ்க்கை முடிந்தது என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அடுத்த வாரம் அவருக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஆண்டின் முடிவில் 29 டச் டவுன் வீச்சுகள் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ந்து புள்ளி தந்தவை), எதிரணி ஏந்திக்கொள்ளப் பறிகொடுத்த வீச்சுகள் பத்தே பத்து, 12 வெற்றிகள், லீகின் மதிப்புமிக்க வீரர் என்ற விருது.

அந்தப் பருவத்தின் இரண்டு ஆட்டங்களைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது 1982 ஜனவரி 10. சின்சினாட்டியில் வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி செல்சியஸ், அதன் மேல் கடுங்காற்று. எதிரே சான் டியேகோ அணி. ஒரு வாரத்துக்கு முன்புதான் மயாமியின் புழுக்கத்தில் கூடுதல் நேரம் வரை ஆடித் துவண்டு வென்று வந்தவர்கள். பெங்கால்ஸின் தடுப்பு வீரர்கள் கையில்லாத சட்டையோடு, தோள்வரை வெறுங்கையாக மைதானத்தில் இறங்கினார்கள். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டும் நமக்கு அது வீரமா, வீம்பா என்று சொல்லத் தெரியாது. பந்து கல்லாக உறைந்திருந்த அந்த நாளில் ஆண்டர்சன் 22-க்கு 14 வீச்சுகளைச் சேர்த்தார், ஒன்றையும் பறிகொடுக்கவில்லை. எதிரணியின் டான் ஃபவுட்ஸ் இரண்டைப் பறிகொடுத்தார். ஃபவுட்ஸும் ஓராண்டு வால்ஷிடம் பயின்றவர்தான். 27-க்கு 7 என்று பெங்கால்ஸ் வென்றது.

இரண்டு வாரங்கள் கழித்து சூப்பர் பௌல். எதிரணியின் பயிற்சியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பில் வால்ஷ். துரோணரின் எதிரே அர்ச்சுனன் என்று சொன்னால் நம் நேயர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஆனால் இங்கே வென்றவர் துரோணர். முதற்பாதியில் பெங்கால்ஸ் எதிரணியின் கோட்டருகே சென்று இரண்டு முறை பந்தை இழந்தது. அவற்றில் ஒன்று ஆண்டர்சனின் வீச்சு. அதை நான் மறைக்கவில்லை. இடைவேளையில் 20-க்குப் பூஜ்யம். அதன் பின் ஆண்டர்சன் தானே ஓடி ஒரு டச் டவுன், டான் ராஸுக்கு எறிந்து இரண்டு. மொத்தம் 34-க்கு 25, 300 கெஜம். மோன்டானாவுக்கு 157 கெஜம். பெங்கால்ஸுக்கு மூன்று டச் டவுன், சான் பிரான்சிஸ்கோவுக்கு இரண்டு. ஆனாலும் சான் பிரான்சிஸ்கோ பந்தைக் காலால் உதைத்து எடுத்த புள்ளிகளால் 26-க்கு 21 என்று தோல்வி. மூன்றாம் கால்பகுதியில் கோட்டுக்கு மூன்றே கெஜம் இருக்கையில் நான்கு முயற்சிகள் செய்தார்கள். மூன்று முறை பந்தைச் சுமந்து மோதினார்கள். ஒரு முறை ஆண்டர்சன் எறிந்தார். அந்த வீச்சு கைசேர்ந்தது, பிடித்தவரைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மடக்கிவிட்டார்கள். அந்த ஒரு முழம்தான், நேயர்களே. அந்த ஆட்டத்தின் மதிப்புமிக்க வீரர் விருது மோன்டானாவுக்குப் போயிற்று; மக்களின் நினைவும் அதன் பின்னாலேயே போயிற்று.

அடுத்த ஆண்டு, வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டங்களாகக் குறுகிய பருவத்தில், ஆண்டர்சனின் 309 வீச்சுகளில் 218 கைசேர்ந்தன. அதாவது நூற்றுக்கு 70.55. அந்தச் சாதனையை 2009-இல் நியூ ஆர்லியன்ஸின் டுரூ பிரீஸ் தாண்டும்வரை இருபத்தேழு ஆண்டுகள் யாரும் தொடவில்லை. பிரீஸின் எண் 70.62. ஒன்பது ஆட்டங்கள்தானே என்பவர்களுக்கு நான் சொல்வது, ஆயத்தம் குலைந்த பருவத்தில் குறி தவறாமல் எறிவது எளிது என்று நினைத்தால் அதே பருவத்தில் மற்றவர்களுடைய எண்களையும் எடுத்துப் பாருங்கள் என்பதே. லீகின் முதல் எறிவு மதிப்பெண் அவருக்கு மொத்தம் நான்கு முறை கிடைத்தது: 1974, 1975, 1981, 1982. இடையில் 1978-இல் எறிபவர்களுக்குச் சாதகமாக விதிகளையே மாற்றினார்கள். விதி மாறுவதற்கு முன்பும் அவர் முதலிடம், பின்பும் முதலிடம். நான்கில் எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிவது இந்தச் செய்திதான்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரலைக் காட்டுகிறார்கள். ஓஹியோவிலேயே கான்டன் என்ற ஊரில், இந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களை வாக்கெடுத்துச் சேர்க்கும் புகழ்க்கூடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1996-இலும் 1998-இலும் அவர் இறுதிப் பட்டியல் வரை போய், வாக்குகள் போதாமல் திரும்பினார். 1998-இல் அவரைக் காத்து நின்ற தடுப்பு வீரர் ஆன்தனி முனோஸ் உள்ளே போனார். காக்கப்பட்டவர் வெளியே நின்றார். ஆட்டம் இல்லாத மாதங்களில் அவர் சட்டம் படித்துப் பட்டம் பெற்றதையும் சொல்ல நேரமில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். 2007 முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டர்சன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஆம், 22-க்கு 20 எறிந்தாரே, அதே எதிரணி. 2009 பிப்ரவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பௌலில் முப்பத்தைந்து நொடிகளே மிஞ்சியிருந்தபோது, அவருடைய மாணவர் பென் ராத்லிஸ்பர்கர் மைதானத்தின் மூலையை நோக்கி மூன்று பேரின் கைகளுக்கு மேலாக ஒரு பந்தை எறிந்தார். சான்டோனியோ ஹோம்ஸ் நுனிக்காலில் நின்று அதை ஏந்தினார். அப்போது ஆண்டர்சனுக்கு ஐம்பத்தொன்பது வயது. வென்ற அணியின் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

வணக்கம்.