பஸ் பைத்தியமும் கணக்குப் பாடமும்

வணக்கம், நேயர்களே.

உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பெற்றோர் சந்திப்பு நாளில் என் காதில் அதிகம் விழுந்த புகார் இதுதான்: “சார், இவனுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை.” பக்கத்திலேயே அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். “சரி, வேறு எதில் ஆர்வம்?” என்று கேட்டால் போதும், காற்பந்து, கொரியப் பாட்டு, கைப்பேசி விளையாட்டு என்று மளமளவென்று வரும். அதெல்லாம் உதவாத ஆர்வம் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். எனக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கும்.

ஒரு மாணவன் இருந்தான். சரியான பஸ் பைத்தியம். நம் சிங்கப்பூரில் இப்படிப் பல பிள்ளைகள் உண்டு. விடுமுறை நாளில் பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் கேமராவோடு நிற்பார்கள். எந்த மாடி பஸ் எந்த ரகம், எந்த எண் எந்த வழியாகப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வரைபடக் கணக்கு வந்தால் மட்டும் தாளை வெறுமையாக விட்டுவிடுவான்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவனிடம் கேட்டேன்: “இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டு ஒரே எண் பஸ் இரண்டு ஒன்றாக வருகிறதே, ஏன்?”

“டிரைவருங்க பேசி வச்சிக்கிட்டு வர்றாங்க, சார்” என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் ஒரு தாளை எடுத்தோம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பஸ் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போவது சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்களும் ஏறி, கட்டண அட்டையைத் தட்டி முடிப்பதற்குள் தாமதம் இன்னும் கூடும். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ நேர்மாறு: முன்னது எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் ஏற ஆள் குறைவு, நின்ற வேகத்தில் கிளம்பிவிடும். கடைசியில் முன்னதைப் பிடித்துவிடும். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

நேரத்தைக் கிடையாகவும் தூரத்தைச் செங்குத்தாகவும் வைத்து அவனே இரண்டு கோடு போட்டான். இரண்டும் நெருங்கி நெருங்கி ஓரிடத்தில் முட்டின. சோதனையில் அவன் தொடாமல் விட்டதும் இதே படம்தான். பிறகு அவன் கேட்டான்: “அப்ப பின்னாடி வர்ற பஸ்ஸை நிறுத்தி வச்சா சரியாயிடுமா, சார்?” போக்குவரத்துப் பொறியாளர்கள் கையாளும் வழிகளில் அதுவும் ஒன்று. நடுவழியில் பஸ் காரணமில்லாமல் ஓரிரு நிமிடம் நிற்கிறது என்று நாம் சலித்துக்கொள்வோமே, பல நேரம் இடைவெளியைச் சரிசெய்யத்தான் அப்படி நிற்கும்.

அவன் வகுப்பில் முதலாவதாக வந்தானா என்றால், இல்லை. தேறினான். எனக்கு அவன் கேட்ட கேள்விதான் பெரிதாகப் பட்டது, இன்றும் அப்படித்தான்.

இன்னொன்று. “ஏ1 வாங்கினால் புதுப் போன்” என்று, ஆக உயர்ந்த தேர்ச்சிக்குப் பரிசு பேசும் பேரம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். 1973ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரையப் பிடித்த பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், சும்மா இருக்கும் நேரத்தில் அவர்கள் வரைவது மற்றப் பிள்ளைகளைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. அவர்கள் சின்னப் பிள்ளைகள், நம் வீட்டில் இருப்பது பதின்ம வயது என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். ஆனாலும் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை பேரத்தைத்தான் கற்றுக்கொள்கிறது. இதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். “இது தேர்வில் வருமா, சார்?” என்று கேட்பார்கள். வராது என்றால் பேனா கீழே போய்விடும்.

2023க்குள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பழைய முறையும் போய்விட்டது. தேர்வை எடுத்தது பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கட்டும் என்றுதான். அந்த நேரத்தில் நாம் என்ன செய்தோம்? இன்னொரு துணைப்பாட வகுப்பைச் சேர்த்தோம். தேவைப்படும் பிள்ளைக்குத் துணைப்பாடம் நல்லதுதான், மறுக்கவில்லை. வாரம் முழுக்க அட்டவணை போட்டுவிட்டால், பஸ் ஏன் சேர்ந்து வருகிறது என்று யோசிக்க எந்த மணி நேரம் மிச்சம்?

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். காலையில் எழாதது முழுக்கச் சோம்பல் இல்லை. கைப்பேசியை மட்டும் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள், முதலில் உங்களுடையதை.

“எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராது, அவன் பாடத்தில் நான் எப்படி உதவறது?” என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. 2006ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நினைவிலிருந்து சொல்ல வைக்க உங்களுக்கு இங்கிலீஷ் எதற்கு? புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதி ஆங்கிலம் கலந்து வரும், வரட்டும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்க் கிளாசுக்கு வெளியே ஏன் நீர் கோக்கிறது என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது என்று பிள்ளை டக்கென்று சொல்லும். “அப்படின்னா ஏர்கான் ரூம்ல வச்சா ஏன் அவ்வளவா கோக்கல?” என்று பாட்டி கேட்கட்டும். பிள்ளை விழித்தால் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். கிளாசை எடுத்துக்கொண்டு ஏர்கான் அறைக்குப் போகட்டும்.

நன்றி, வணக்கம்.